குழந்தைகள் பிசைந்த ஆமை, முற்றத்தில் நிற்கும் ஆமை: விளையாட்டுச் சிற்பக் குழுக்களை எடைபோடுவது எப்படி?

ஃபைபரில் ஒரு ஒட்டகச்சிவிங்கி. கேட்லாக்கில் பார்த்து வாங்கியது. அதன் கால்களில் பத்துப் பதினைந்து பிஞ்சுக் கைகளின் பெயிண்ட் அச்சு. பக்கத்தில் ஒரு பலகை: ‘குழந்தைகளோடு இணைந்து வடிவமைத்தது’.

கை அச்சு வைப்பதும் வடிவமைப்பதும் ஒன்றல்ல. பால்வாடி, தொடக்கப்பள்ளி, குடியிருப்புப் பூங்கா ஆகிய இடங்களில் சிறுபிள்ளைகளைக் கேட்டுச் சிற்பம் செய்து தருகிறோம் என்று வரும் கலைஞர் குழுக்களிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைகள் அந்த நாளில் வராமல் போயிருந்தால் இந்தச் சிற்பம் வேறு மாதிரி இருந்திருக்குமா? ‘இல்லை’ என்பது பதிலானால் நீங்கள் கொடுக்கிற பணம் பொம்மைக்கு. பட்டறைக்கு அல்ல.

இந்தச் சேவை மூன்று நான்கு வடிவங்களில் கிடைக்கிறது. சிமென்ட்–கம்பிச் சிற்பம், பழைய டயர், கயிற்று வலை, ஃபைபர். கிராமத்துப் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ என்றால் சிமென்ட்தான் முதல் தேர்வு. கையில் காசு குறைவு, இரண்டு மூன்று நாளில் முடிய வேண்டும் என்றால் டயர். வலையைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தால் மட்டும் வலை. ஃபைபரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வெயிலில் மேல்பூச்சு வெளுக்கும், உடைந்த விளிம்பில் சிராய் நீட்டும், எந்தப் பிள்ளையின் யோசனையும் அச்சுக்குள் நுழைய வழியில்லை. அதை இங்கேயே விட்டுவிடலாம்.

உலகம் ஏற்கெனவே செய்து பார்த்தது

ஏறி விளையாடும் சிற்பம் புதிய யோசனை அல்ல. ஸ்டாக்ஹோமில் எகோன் மொல்லர்–நீல்சன் 1949-இல் வைத்த ‘டுஃப்சன்’ எந்த மிருகத்தையும் போல இருக்காது. குகை, வளைவு, சறுக்கு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஓடும் ஒரு கட்டி, அவ்வளவுதான். சிங்கப்பூர் தோ பாயோவில் 1979-இல் கோர் ஈன் கீ வடிவமைத்த டிராகன் நேர் எதிர். தலையைப் பார்த்தாலே டிராகன் என்று தெரியும். நம் ஊரில் மொசைக் என்கிறோமே, அந்த மாதிரிப் பளபளப்பு அதற்கு. இரண்டுமே நன்றாக ஓடின. ஆக, மிருகமா உருவமற்ற மேடா என்ற சண்டை வீண்.

ஜெருசலேமில் நிக்கி த சென் ஃபால் 1970-களின் தொடக்கத்தில் கட்டிய ‘கோலெம்’ இன்னும் சுவாரசியம். கறுப்பு வெள்ளையில் ஒரு ராட்சதத் தலை, வாயிலிருந்து தொங்கும் மூன்று சிவப்பு நாக்குகள், அவையே சறுக்குமரம். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பெரியவர்கள்தான் எதிர்த்தார்கள். பிள்ளைகளோ நாக்கில் சறுக்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டறையில் ஒரு பிள்ளை பேயோ பல் நீண்ட மீனோ செய்தால் அதைப் பட்டாம்பூச்சியாக மாற்றச் சொல்லும் கமிட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் இவை எல்லாம் கலைஞர் யோசித்து, பிள்ளைகள் பிறகு ஏறியவை. ஜப்பானியக் கலைஞர் தோஷிகோ ஹோரியுச்சி மக்காடம் காட்சிக்காகப் பின்னித் தொங்கவிட்ட வலைச்சிற்பத்தில் பிள்ளைகள் ஏறிக் குதித்ததைப் பார்த்த பிறகுதான் விளையாட்டு வலைகள் பக்கம் திரும்பினார். பிள்ளையின் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து வடிவத்தை எடுப்பது. நல்ல குழுவுக்கு அடையாளம் இந்தக் கண்தான்.

பட்டறை: காசு போக வேண்டிய இடம்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கிரேயானும் தாளும் கொடுத்து ‘உனக்குப் பிடித்த பூங்காவை வரை’ என்று சொல்லும் குழுவை அப்போதே சந்தேகிக்கலாம். அந்த வயதில் கோடு தட்டையாகத்தான் வரும். மலை, வீடு, சூரியன் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்ததே திரும்ப வரும். ‘என்ன வேணும்?’ என்று வாயால் கேட்டாலும் அதே கதை. அவர்கள் பார்த்திருப்பது ஊஞ்சலும் சறுக்குமரமும், அதையே சொல்வார்கள்.

களிமண் கொடுங்கள். அதுதான் பேச வைக்கும்.

உருட்டினால் பாம்பு, உருண்டை பிடித்தால் லட்டு, தட்டினால் தோசை, விரலை விட்டால் ஓட்டை. எந்த ஊர்ப் பிள்ளையும் முதல் பத்து நிமிடத்தில் இந்த நான்கைத்தான் செய்யும். தேர்ந்த கலைஞர் இதை விளையாட்டாகவே வாசிப்பார். பாம்பு என்பது மேலே நடந்து போகிற வழி. தோசை உட்காரும் இடம். ஓட்டை ஒளியும் இடம். லட்டு ஏறி நிற்கும் உச்சி. அதனால் ‘இது என்ன?’ என்று கேட்பது தப்பான கேள்வி. கேட்டால் பிள்ளை ஒரு பெயரைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளும். ‘இதுல நீ எங்க உக்காருவ கண்ணு?’, ‘அந்தப் பக்கம் எப்படிப் போவ?’ என்று கேட்க வேண்டும். அப்போதுதான் விரல் களிமண் மேல் நடக்கும்.

இந்த விரலுக்குப் பதிலாக 10 செ.மீ. உயரத்தில் ஒரு குச்சிப் பொம்மையைக் கையில் கொடுப்பது மிகச் சின்ன ஏற்பாடு, ஆனால் பட்டறையின் பாதி பலன் இதில் இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை சுமார் 1 மீட்டர் உயரம். பொம்மை அதில் பத்தில் ஒன்று. பொம்மை ஏறும் அளவுக்குப் பிள்ளை களிமண்ணை உயர்த்தும், நுழையும் அளவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கும். யாருக்கும் ‘அளவு’ என்ற சொல்லே சொல்லாமல் மாதிரி 1-க்கு 10 என்ற விகிதத்தில் வந்து நிற்கும். பொம்மை கொடுக்காத பட்டறைகளில் அழகான களிமண் யானை கிடைக்கும். அதில் பிள்ளை எங்கே போகும் என்பதைப் பிறகு கலைஞர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

அளவுகளைச் சொல்லிவிடலாம். ஒரு அமர்வுக்கு 15 முதல் 20 பிள்ளைகள், இரண்டு கலைஞர்கள், பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு டீச்சர். நேரம் 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தலைக்கு 400 கிராம் களிமண், பிறகு நான்கு பேர் சேர்ந்து செய்ய குழுவுக்கு இரண்டரைக் கிலோ. 20 பிள்ளைகளுக்கு 20 கிலோவுக்குச் சற்று மேல். மண்பாண்டம் செய்பவரிடம் வாங்கினால் பிசைந்து பதமாகவே கிடைக்கும். குளத்து மண் என்றால் கண்ணாடித் துண்டும் கல்லும் இல்லாமல் சலித்து, இரவே ஊறவைக்க வேண்டும். மண் கையில் ஒட்டினால் தண்ணீர் அதிகம், விரிசல் விட்டால் குறைவு. இரண்டிலும் பிள்ளைக்குச் சலிப்பு வந்துவிடும்.

எங்கே கெடும் என்றால் பெரும்பாலும் பெரியவர் கையில். ‘ஆமைக்கு நாலு கால் இல்லையா, பாப்பா?’ என்று டீச்சர் காலை ஒட்டிக் கொடுத்தால் அந்த மாதிரியைத் தனியாக வைத்துவிடலாம். அது டீச்சரின் ஆமை. டீச்சருக்குக் குறிப்பேட்டைக் கொடுத்து, பிள்ளை என்ன சொல்கிறது என்று அப்படியே எழுதச் சொல்வது நல்ல உபாயம். கையும் வேலையில் இருக்கும், வாயும் அடங்கும்.

இரண்டாவது அமர்வு தரையில். தேர்ந்தெடுத்த மாதிரியின் சுற்றுக்கோட்டைச் சிற்பம் வரப்போகும் இடத்திலேயே கோலப்பொடியால் முழு அளவில் போட வேண்டும். மேடு வரும் இடத்தில் அட்டைப்பெட்டி, பாய்ச்சுருள், மணல் மூட்டை. குகை வரும் இடத்தில் இரண்டு நாற்காலிக்கு மேல் பழைய புடவை. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓரமாக நின்று பார்த்தால் போதும். ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் ஒன்றானால் அங்கே முட்டிக்கொள்வார்கள். குகைக்கு ஒரே வாசல் என்றால் பலசாலி ஒருவன் உள்ளே உட்கார்ந்து யாரையும் விடமாட்டான். தாளில் ஒருபோதும் தெரியாத இந்தக் குறை, புடவைக் குகையில் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த அமர்வைச் ‘செலவு’ என்று சொல்லி வெட்டும் குழுக்கள் உண்டு. கோலப்பொடிக்கு என்ன செலவு?

மூன்றாவது, கடைசிப் பூச்சுக்கு முந்தைய மொசைக் அமர்வு. இதில் ஒரு எச்சரிக்கை. ஈர சிமென்ட் தோலை அரிக்கும். பிள்ளைகளை விட்டு ஈரக் கலவையில் ஓடு பதிக்க வைத்துப் புகைப்படம் எடுக்கும் குழு வேலை தெரியாத குழு. சரியான வழி தலைகீழாகப் பதிப்பது. பழுப்புத் தாளில் மைதாப் பசை தடவி, 2 செ.மீ. மொசைக் துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி பிள்ளைகள் ஒட்டுவார்கள். காய்ந்த பிறகு கொத்தனார் அந்தத் தாளோடு மொசைக் துண்டுகளைச் சிற்பத்தின் மேல் பசைக்கலவையில் பதிப்பார். மறுநாள் தாளை நனைத்து உரித்தால் பிள்ளை செய்த கோலம் மேலே நிற்கும். உடைத்த தரை ஓடு வேண்டாம், அதன் விளிம்பு கத்தி. ஒட்டும்போது இடம் வலம் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது. பெயர் எழுத வைத்தால் ‘கமலா’ ‘லாமக’ ஆகி, எழுத்தும் கண்ணாடியில் பார்ப்பது போல் வந்து நிற்கும்.

களிமண்ணிலிருந்து கம்பிக்கு

பிள்ளையின் மாதிரிக்கும் கட்டிய சிற்பத்துக்கும் நடுவில்தான் பல குழுக்கள் வழுக்குகின்றன. ‘அதைப் பார்த்து ஒரு உந்துதலில் செய்தோம்’ என்பார்கள். அந்த உந்துதலில் பிள்ளை வைத்த கோணல் நேராகிவிடும், கட்டை கழுத்து நீண்டுவிடும்.

நேர்மையான முறை ஒன்று உண்டு. மாதிரி அரைகுறையாகக் காய்ந்து தோல் போலப் பதமாக இருக்கும்போது, இழுத்துப் பிடித்த நூலால் 2 செ.மீ.க்கு ஒரு வெட்டாக ரொட்டி போல அறுப்பது. ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் கிராஃப் தாளில் வரைந்து பத்தால் பெருக்கினால் 20 செ.மீ.க்கு ஒரு விலா எலும்பு, அதாவது அந்த வடிவத்தில் வளைக்க வேண்டிய கம்பி, கிடைக்கும். 24 செ.மீ. நீள ஆமைக்கு 11 வெட்டு, 11 விலா. பிள்ளை ஒரு பக்கம் அமுக்கிய பள்ளம்கூட அப்படியே கம்பியில் வரும். அறுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, ஒரு நகலும் செய்து பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். தன் ஆமையை யாரோ அறுக்கிறார்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆமை முற்றத்தில் 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 90 செ.மீ. உயரம். கம்பி விலையும் சிமென்ட் விலையும் அடிக்கடி மாறுவதால் இங்கே ரூபாய்க் கணக்கு இல்லை, பொருள் கணக்குதான். குழு தரும் மதிப்பீட்டை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

முதுகு ஓட்டின் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். குறுக்கு விலா, நெடுக்கு விலா, அடி வளையம் எல்லாம் சேர்த்து 8 மி.மீ. கம்பி 60 மீட்டர் வரை போகும். அதாவது 12 மீட்டர் கம்பி ஐந்து, எடை 24 கிலோ. அதன் மேல் கோழிவலை இரண்டு அடுக்கு, ஒட்டுச்சேர்க்கையோடு 12 சதுர மீட்டர். பூச்சு மொத்தம் 40 மி.மீ. கனம், 1-க்கு 3 கலவை (ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல்). தலை, கால், வீண்போவது எல்லாம் சேர்த்து 4 மூட்டை சிமென்ட். இதற்கு 12 மூட்டை என்று மதிப்பீடு வந்தால் உள்ளே செங்கல்லும் கலவையும் போட்டு நிரப்பப் போகிறார்கள் என்று பொருள். அது தப்பில்லை, ஆனால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். குகை வைத்த ஆமை என்றால் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். வாசல் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது, அழும் பிள்ளையை எடுக்க டீச்சர் உள்ளே கை நீட்ட வேண்டும். ஒரே வாசல் குகை இரண்டாம் மாதத்தில் குப்பைத்தொட்டி. வாசலே இல்லாத பொள்ளல் எலிக்கும் பாம்புக்கும் வீடு.

வேலையை யார் செய்கிறார்கள் என்பது பெரிய விஷயம். கோபுரத்துச் சுதையும் ஐயனார் கோயில் குதிரையும் செய்து பழகிய சிற்பி கிடைத்தால் பாதிக் கவலை போச்சு. கனம் எங்கே நிற்கும், கலவை எப்போது கையில் நிற்கும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். ஆனால் அவர் செய்து பழகியது பார்க்கிற சிலை, ஏறுகிற சிலை அல்ல. முன்பக்கம் பிரமாதமாக வரும், பின்பக்கம் ஒப்புக்கு. நகம், பல், காது என்று மெலிதாக நீட்டிவிடுவார். காதில் ஐந்து பிள்ளைகள் தொங்கும் என்பதைச் சொல்லி, 10 மி.மீ. கம்பியை வளைத்து இரண்டு முனையும் தலையில் போய்ச் சேரும்படி, குடத்தின் கைப்பிடி மாதிரி வைக்கச் சொல்ல வேண்டும். கழுத்தில் விரிசல் விடுவது இன்னொரு வழக்கமான குறை. தலையைத் தனியாகச் செய்து பிறகு ஒட்டினால் விடாமல் என்ன செய்யும்? உடம்பின் நெடுக்குக் கம்பிகளில் குறைந்தது நான்கு, உடம்போடு நிற்காமல் தலைக்குள் ஓட வேண்டும்.

கலவையில் ஊற்றும் தண்ணீர், தவறு நடக்கும் இன்னொரு இடம். ஒரு மூட்டைக்கு 20 முதல் 22 லிட்டர். சித்தாள் வாளி கணக்கில் ஊற்றினால் பூச்சு வழியும், காய்ந்ததும் மயிரிழை விரிசல் விடும், அதில் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் இது இரண்டே மழையில் செந்நிறக் கறையாக வெளியே தெரியும். அங்கே ஜிஐ (துத்தநாகம் பூசிய) வலையும், கம்பிக்கு மேல் 25 மி.மீ.க்குக் குறையாத பூச்சும் கட்டாயம். பூசிய பிறகு சாக்கைப் போர்த்தி 10 நாள் தண்ணீர் விட வேண்டும். பொங்கல் விடுமுறையில் பூசிவிட்டு ஊருக்குப் போய்விடும் குழுக்களின் சிற்பங்கள்தான் சீக்கிரம் மாவு மாதிரி உதிர்கின்றன. பெயிண்ட் 28 நாளுக்குப் பிறகு. திறப்பு விழாத் தேதியை முதலில் வைத்துவிட்டு வேலையைப் பின்னால் தள்ளினால் இந்த 28 நாளில்தான் கை வைப்பார்கள்.

கரிசல் மண்ணில் அடித்தளம் வேறு. மழைக்கு ஊதும், கோடைக்குப் பிளக்கும் மண் அது. நான்கு கால் ஆமையை நான்கு தனி அடித்தளத்தில் நிறுத்தினால் ஒரு கால் ஏறும், ஒரு கால் இறங்கும். 60 செ.மீ. தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இறுக்கி, மேலே ஒரே பலகையாகக் கான்கிரீட் போட்டு அதில் நிறுத்த வேண்டும். செம்மண் பூமிக்காரருக்கு இந்தச் செலவு இல்லை.

நாடாவோடு போய் அளக்க வேண்டியவை

ஐரோப்பிய விளையாட்டுக் கருவித் தரமான இஎன் 1176 பல நாடுகளில் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதில் நம் வேலைக்கு உயிரானவை சில எண்கள்தான். 8.9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஆமையின் தாடைக்கும் காலுக்கும் நடுவில், மீனின் வாலுக்கும் தரைக்கும் நடுவில் இந்த இடைவெளி தானாக வந்து உட்கார்ந்திருக்கும். விரல் மாட்டும் 8 முதல் 25 மி.மீ. துளையும் கூடாது. சறுக்கின் சராசரிச் சரிவு 40 பாகைக்குள். 90 செ.மீ. உயர முதுகிலிருந்து சறுக்கு இறங்கினால் தரையில் அதன் நீட்டம் 1.1 மீட்டராவது வேண்டும். இடம் போதவில்லை என்று குறைத்தால் பிள்ளை சறுக்காது, விழும்.

60 செ.மீ.க்கு மேல் நிற்கும் இடம் இருந்தால் கீழே மெத்தென்று ஏதாவது வேண்டும். சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்கு 30 செ.மீ. ஆழ மணல் என்று கணக்கிட்டால் ஆமை நிற்கும் இடத்தையும் சேர்த்து 240 கன அடிக்கு மேல், ஏறக்குறைய இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இங்கே எம் சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணலை) கொட்டி ஏமாற்றுவது சகஜம். அது கூர்மையான நறுக்கு. நாலு மழையில் இறுகித் தரை போல ஆகிவிடும். உருண்ட மணிகள் கொண்ட ஆற்று மணல்தான் வழிவிட்டு வாங்கிக்கொள்ளும். அது கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். அதனால் நான் சொல்வது: ஆமையை 60 செ.மீ.க்குள் அடக்கி நீளத்தைக் கூட்டுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மலைதான். மணல் செலவு, பூனை அசிங்கம் செய்யும் தொல்லை இரண்டும் மிச்சம்.

வெயில் பற்றிப் புத்தகங்களில் ஒரு விதி இருக்கும்: சறுக்கை வடக்குப் பார்த்து வை. ஐரோப்பாவுக்கு அது சரி. சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் அடிக்கும். மே மாதத்தில் அந்த வடக்குச் சறுக்கில் அப்பளம் பொரிக்கலாம். மேற்கைத் தவிர்த்து, வேம்போ புங்கையோ நிற்கிற பக்கம் வைப்பதே நம் ஊர் விதி. மரம் இல்லாத முற்றமென்றால் சிற்பத்துக்கு முன்னால் மரத்தை நடச் சொல்லும் குழுவை நம்பலாம்.

டயர், வலை

பழைய டயரில் விளையாட்டுத் திடல் அமைப்பதை நம் நாட்டில் பரவலாக அறியச் செய்ததில் பூஜா ராய் தொடங்கிய பெங்களூரு ஆண்ட்ஹில் கிரியேஷன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்குள்ள பிள்ளைகளோடு பேசிவிட்டு வடிவமைப்பது அவர்கள் முறை. இப்போது அதைப் பார்த்து எல்லா ஊரிலும் செய்கிறார்கள். டயரின் வசதி, பிள்ளை உருட்டிக் காட்டுவதை அப்படியே அடுக்கிப் பார்க்கலாம். மாற்ற வேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றினால் போதும்.

தேர்வில் ஒரே ஒரு விஷயம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்: ரேடியலா, நைலானா? ரேடியல் டயரின் உள்ளே இரும்பு நூல் அடுக்கு. தேய்ந்தாலோ அறுத்தாலோ ஊசி ஊசியாக வெளியே வரும். நைலான் டயரில் விளிம்பு வளையத்தில் மட்டும்தான் கம்பி. யானைத் தும்பிக்கை, ஆமை ஓடு என்று வெட்டி வளைப்பதற்கு நைலான் மட்டுமே. குழுவிடம் ஒரு டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்தது கொசு. ஒவ்வொரு டயரிலும், நிற்கும் நிலையில் எது அடிப்பக்கமோ அங்கே 12 மி.மீ. துளை மூன்று நான்கு. படுத்த டயர் என்றால் கீழ்ப்பக்கச் சுவர் முழுக்க. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு டயருக்குள் தேங்கும் ஒரு கை தண்ணீர் போதும். சுகாதார ஆய்வாளர் வந்து திடலையே அகற்றச் சொன்னால் அது அவர் தவறல்ல. மண்ணில் நடும் டயரில் மூன்றில் ஒரு பங்காவது புதைந்து, உள்ளே மண் நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேள் குடியேறும். போல்ட் 12 மி.மீ., இரண்டு பக்கமும் அகல வாஷர், கழலாத நைலான் நட், அதற்கு மேல் மூடி. எனாமல் பெயிண்ட் பளபளக்கும், ஆனால் டயர் வளையும்போது செதிலாக உரியும். சோப்புத் தூளில் நன்றாகக் கழுவிக் காயவைத்து வெளிப்புற எமல்ஷன் அடித்தால் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நிற்கும். எதையும் வாயில் வைக்கும் மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகள் இருக்கும் இடத்தில் டயரே வேண்டாம்.

வலை அழகு. அதில் சந்தேகமில்லை. ஒரு பிள்ளை குதித்தால் மறுமுனையில் இருக்கும் பிள்ளையும் ஆடும், பேசாமலே விளையாட்டு தொடங்கும். ஆனால் வெயில் நைலானைத் தின்னும். மாதம் ஒருமுறை முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், கண்ணியின் அளவு தலை மாட்டும் அளவுக்குத் தளர்ந்துவிட்டதா என்று அளக்கவும் வேண்டும். கூரைக்குக் கீழே என்றால் யோசிக்கலாம். திறந்தவெளிப் பள்ளி முற்றத்தில் வேண்டாம்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை

மதிப்பீட்டில் பட்டறைக்குத் தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று அமர்வு, எத்தனை பேர், எத்தனை நாள் இடைவெளி என்று எழுதியிருக்க வேண்டும். ‘கலை ஆலோசனை’ என்ற ஒற்றை வரியில் பெருந்தொகை நின்றால் பிரித்துக் கேளுங்கள். பிள்ளைகளின் களிமண் மாதிரிகளின் படங்களும், எந்த மாதிரியிலிருந்து எது வந்தது என்ற குறிப்பும் ஒப்படைப்புக் கோப்பில் வர வேண்டும். வரப்போகும் பெற்றோருக்குக் காட்ட அதுதான் சான்று. கை அச்சு அல்ல. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைக் குழு தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தப் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசித் தவணையில் பத்தில் ஒரு பங்கை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை நிறுத்தி வைப்பது நியாயம். நல்ல குழு இதற்கு மறுப்புச் சொல்லாது. ஜனவரியில் அவர்களையும் கூட்டிக்கொண்டு சிற்பத்தைச் சுற்றி வாருங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் கை எட்டும் இடமெல்லாம் தட்டுங்கள். ‘டங்’ என்றால் சரி, ‘டொப்’ என்றால் பூச்சு வலையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஒரு குடம் தண்ணீரை முதுகில் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து எங்கே தேங்குகிறது, எங்கே ஈரக் கோடு மயிரிழையாக நிற்கிறது என்று பாருங்கள். கழுத்து, காதின் இரண்டு அடிகள், குகை வாசலின் மேல்வளைவு, சறுக்கு தரையைத் தொடும் இடம் ஆகிய நான்கிலும் கையை வைத்துத் தடவுங்கள். வட்டம் போட்ட இடங்களை வெட்டி எடுத்து, வலையைச் சுத்தம் செய்து, மறுபடி பூசி, இன்னொரு 10 நாள் சாக்குப் போர்த்திய பிறகு அந்தக் காசோலையைக் கொடுக்கலாம்.